மூன்று படிகளுக்கு ஒரு பேரியக்கம்

நூலக வாசலில் மூன்று படிகள் இருந்தன. சாதாரணப் படிகள். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், மத்தியானத்தில் ஒரு பூனை நடுப்படியில் படுத்துத் தூங்கியது. அந்தப் படிகளை ஊருலகம் அறியச் செய்த பெருமை விரிந்த கரங்கள் அறக்கட்டளையைச் சேரும். அதில் ஒரு சிறு பங்கு ரொட்டிக்காரருக்கும் உண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் போய்க் கேட்டவர் அவர்தானே!

ரொட்டிக்காரர் ரொட்டி சுடுகிறவர் அல்ல, சுட்டதை வேனில் ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறவர். யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுவார், காரணத்தைப் பிறகு யோசிப்பார். அவருடைய ஒரே மகள் சக்கர நாற்காலியில் போகிறவள். வயது பதினொன்று. வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். சமையலில் உப்பு முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லிவிடுவாள். மேல்முறையீடு கிடையாது.

ஜட்ஜம்மாவுக்குப் புத்தகப் பைத்தியம். ஆனால் நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் எடுப்பவர் அப்பா. கனமான புத்தகத்தில் விஷயம் நிறைய இருக்கும் என்பது அவர் கட்சி. ஒரு வாரம் கோழிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அடுத்த வாரம் கடன் வசூல் சட்டம். பிள்ளை இரண்டையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"அப்பா, இனிமே நானே உள்ள போய் எடுக்கறேன்."

"அதுக்கென்ன கண்ணு, அப்பா தூக்கிட்டுப் போறேன்."

"நான் என்ன ரொட்டி ட்ரேயா, தூக்கிட்டுப் போய் இறக்கி வைக்க? நாற்காலியோட போகணும். நானே போகணும்."

ரொட்டிக்காரர் நூலகரிடம் போய்க் கும்பிட்டார். நூலகர் நல்ல மனிதர், ஆனால் விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற நல்ல மனிதர்.

"சாய்தளம் கட்டணும்னா அது கட்டுமானம். எங்ககிட்ட அதுக்கு நிதி இல்லை. தனி ஆள் கட்டவும் கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளை ஏதாவது கட்டிக் கொடுத்தா வாங்கிக்கலாம்னு விதி இருக்கு. எதிர்த் தெருவுலயே ஒண்ணு இருக்கே, ஏழு மாடி!"

ஏழு மாடியின் வரவேற்பறையில் ஒரு செயற்கை அருவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அறக்கட்டளையின் சின்னம்: விரித்த இரண்டு கைகள். கொடுக்கிற கைகளா வாங்குகிற கைகளா என்று வரைந்தவருக்கே தெரிந்திருக்காது.

இயக்குநர் முன்பு தலைமுடித் தைலம் விற்கும் கம்பெனியில் விற்பனைத் தலைவராக இருந்தவர். வழுக்கைத் தலைக்காரர்களிடம் தைலம் விற்றவனுக்குப் பணக்காரர்களிடம் இரக்கம் விற்பது பெரிய வித்தையா என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். தொண்டிலும் ஒரு தொழில்முனைவு வேண்டும் என்பது அவர் கொள்கை. ரொட்டிக்காரரையும் பிள்ளையையும் அன்போடு உட்காரச் சொன்னார். பிள்ளை ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க, உங்க கனவு என்ன?"

"கனவெல்லாம் இல்லைங்க. மூணு படிக்கு ஒரு சாய்தளம். என் மச்சான் தச்சு வேலை பாக்கறார், அவருக்குத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் இருக்கார். கூலி நாங்களே பாத்துக்கறோம். உங்க பேர்ல ஒரு கடிதமும் நாலு மூட்டை சிமெண்டும் குடுத்தா போதும்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது.

"நாலு மூட்டையா? ஐயா, இவ்வளவு சின்னதா கேட்டா நாங்க எப்படி உதவி பண்றது? பெரிய மனுஷங்க பெரிய துன்பத்துக்குத்தான் கொடுப்பாங்க. அதோட, நாங்க பொருளா எதையும் வாங்கறதும் இல்லை, வச்சுக்கறதும் இல்லை. பணமா வந்தா நூத்துக்கு இருபத்தஞ்சு நிர்வாகச் செலவுக்கு எடுக்கலாம். சிமெண்டுல எப்படி எடுக்கறது? மூட்டையைக் கிழிச்சு அள்ளிக்கவா?"

ரொட்டிக்காரருக்கு அதில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றியது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு கும்பிடு போட்டார்.

அப்போது நன்னெறி அலுவலர் அம்மாள் உள்ளே வந்தார். அந்த அறக்கட்டளையில் அறத்தைக் கவனிக்கத் தனியாக ஓர் அதிகாரி இருந்தார். மற்றவர்களுக்கு அந்த வேலை இல்லை என்று இதற்குப் பொருள். அம்மாள் கெட்டவர் அல்லர். எதைச் செய்தாலும் கொள்கையைப் பார்த்துத்தான் செய்வார். தும்மல் வந்தால்கூட அதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடுகிற முகம்.

"படம் எடுக்கணும்," என்றார் இயக்குநர். "பாப்பா படியைப் பாக்கறா. கண்ணுல ஒரு சொட்டுக் கண்ணீர்."

"கூடாது சார். கண்ணீரைக் காட்டி வசூல் பண்றது கண்ணியக் குறைவு. கொள்கை, மூன்றாம் பிரிவு."

"கண்ணீர் இல்லாத படத்துக்குப் பாதி வசூல்தாம்மா ஆகுது!"

இருவரும் வெகுநேரம் வாதாடிக் கடைசியில் சமரசத்துக்கு வந்தார்கள். பிள்ளையை முதுகுப் பக்கமாகப் படம் எடுப்பது. முதுகில் கண்ணீர் தெரியாது, ஆனால் முன்னால் இருக்கும்போல என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

"நான் அழவே இல்லையே," என்றாள் ஜட்ஜம்மா.

"அதனாலதாம்மா முதுகு," என்றார் நன்னெறி அம்மாள்.

நாற்காலி வேறு புத்தம் புதிதாக இருந்தது. பழைய நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்றார் இயக்குநர். அது பொய் என்றார் அம்மாள். ஆகவே கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் எல்லாம் பழசாகத் தெரியும்; அது பொய்யில்லை, கலை.

ஊரெங்கும் அந்த முதுகு வந்துவிட்டது. பேருந்து நிறுத்தங்களில், பால் பாக்கெட்டுகளில், வங்கி வாசல்களில். கீழே 'நமக்கு மூன்று படி, அவளுக்கு மூன்று மலை' என்று எழுதியிருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையின் வலியை உணர்வதற்காக நூலகப் படிகளை ஏறி இறங்கினார்கள். மலையேறுகிற வீரர் ஒருவர் கயிறும் இரும்புக் கொக்கியுமாக வந்து, முதல் படியில் தண்ணீர் குடித்து, இரண்டாம் படியில் ஓய்வெடுத்து, மூன்றாம் படியில் கொடி நட்டார். பூனை வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, வேலை ஆரம்பித்திருக்கும் என்ற நம்பிக்கையில் ரொட்டிக்காரர் மகளை அழைத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் படிக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை. பனியன் போட்ட பெண் ஒருத்தி பிள்ளையைப் பார்த்து உருகிப்போய், 'நான் ஏறினேன்' என்று எழுதிய பேட்ஜ் ஒன்றை அவள் சட்டையில் குத்திவிட்டுப் போனாள். அந்தப் போஸ்டர் முதுகு இந்த முதுகுதான் என்று அவளுக்குத் தெரியாது; முகத்தை யாரும் பார்த்ததில்லையே.

வீட்டில் மனைவி பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க கேட்டது நாலு மூட்டை சிமெண்ட். குடுத்தது இது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா ஆச்சுன்னாலும் குரங்காவது மிஞ்சும். நாளைக்கே போய் எப்பக் கட்டறீங்கன்னு கேளுங்க. கும்பிடாம கேளுங்க!"

கும்பிட்டுவிட்டுத்தான் கேட்டார். இழவு வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்டவனைப் பார்ப்பது போல இயக்குநர் அவரைப் பார்த்தார்.

"ஐயா, எங்க வரலாற்றிலேயே இப்படி ஒரு வசூல் ஆனதில்லை! இந்த நேரத்துல போய்க் கட்டறதா?"

நன்னெறி அம்மாள் பொறுமையாக விளக்கினார். "படிகளுக்காகக் கொடுத்த பணம் இது. சாய்தளம் வந்துட்டா படிப் பிரச்சினையே இருக்காது. எந்தத் துன்பத்துக்காகக் கொடுத்தாங்களோ அந்தத் துன்பத்தை நாமே அழிச்சா, கொடுத்தவங்களுக்கு அது துரோகமில்லையா?"

"அப்போ அந்தப் பணம் எதுக்குங்க செலவாகுது?"

"விழிப்புணர்வுக்கு. அங்க படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"எனக்குத் தெரியுமே அம்மா."

"அதனாலதான் உங்களுக்கு நாங்க செலவு பண்ணலை."

ரொட்டிக்காரருக்குத் தலை சுற்றியது. படிகள் இருக்கிற இடத்திலேயே இருந்தன. பிள்ளையும் வெளியிலேயே இருந்தாள். அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது அவருக்கு அழுகை வந்தது. யாரும் படம் எடுக்காததால் அதனால் யாருக்கும் பயன் இல்லை.

அடுத்து ஒரு விருந்து வந்தது. ஊரிலேயே பெரிய மண்டபத்தில், நகைபோட்டவர்களும் கோட்டுப்போட்டவர்களும் வரும் விருந்து. மேடையில் நூலகப் படிகளைப் போலவே மரத்தில் மூன்று படிகள் செய்து வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. அந்த வேலை, ஊரில் மேடை வேலை செய்கிற நல்ல தச்சர் வேறு இல்லாததால், ரொட்டிக்காரரின் மைத்துனருக்கே வந்தது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். விருந்துக்குப் பிள்ளையையும் வரச் சொல்லியிருந்ததால், ரொட்டிக்காரர் அவளை அழைத்துக்கொண்டு முன்னதாகவே மண்டபத்துக்குப் போனார்.

"அசல் அளவு வேணாம்னுட்டாங்க மச்சான்," என்றார் தச்சர். "அசல் படி ரொம்பச் சின்னதாம், பாத்தா யாருக்கும் பரிதாபம் வராதாம். மூணு மடங்கு உசரமா செய்யச் சொன்னாங்க. செஞ்சிட்டேன்."

"அது சரி, பின்னாடி அது என்ன?"

திரைக்குப் பின்னால், தரையிலிருந்து மேடைக்கு நீளமாக, சரிவாக, வழவழப்பாக ஒரு மரச் சாய்தளம் இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் நகர்த்துவதற்குச் சின்னச் சக்கரங்கள்.

"அதுவா? பியானோவை மேல ஏத்தணுமில்ல. தூக்கிட்டுப் போனா அடிபடும், சாய்வா ஒண்ணு செய்யின்னாங்க. காலையில ஆரம்பிச்சேன், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிருச்சு."

பியானோ மனு எழுதவில்லை. முதுகைக் காட்டவில்லை. கேட்ட அன்றைக்கே அதற்குக் கிடைத்துவிட்டது.

ஜட்ஜம்மா அதைப் பார்த்தாள். சக்கரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள். திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மைத்துனர் ஆணிப் பெட்டியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"பாப்பா மேல வரக் கூடாது!" என்று இயக்குநர் ஓடிவந்தார். "கீழ இருக்கணும், படிக்கு முன்னால! அண்ணாந்து பாக்கணும்! விளக்கு அங்கதான் விழுது!"

கீழேதான் இருந்தாள். விளக்கு விழுந்தது. பியானோ உருக்கமாக ஒலித்தது. இயக்குநர் மார்பில் கைவைத்துப் பேசினார்.

"அன்பர்களே! போன வருஷம் இந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தது? மூன்று படிகள். இன்றைக்கு என்ன இருக்கிறது? ஓர் இயக்கம்! இந்த ஏழு மாடி, இந்த விருந்து, இந்த வெளிச்சம் எல்லாம் யாரால்? துன்பப்படுகிறவர்களால்! அவர்கள் இல்லையென்றால் நாம் ஏது? அவர்களை நாம் ஒருநாளும் இழந்துவிடக் கூடாது! இந்தப் படிகளைக் கண்ணைப் போல் காப்போம்!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. முன் வரிசையில் இருந்த சிமெண்ட் ஆலை முதலாளி, கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்து, ஒரு பெரிய தொகையை அறிவித்தார். அந்தத் தொகையில் ஒரு சிமெண்ட் மலையே வாங்கலாம். ரொட்டிக்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை. சிமெண்ட் முதலாளியே எதிரில் இருக்கிறார், நாலு மூட்டை அவருக்கு ஒரு பொருட்டா? கும்பிட்டபடி முன்னே போனார். நன்னெறி அம்மாள் குறுக்கே வந்துவிட்டார்.

"உதவி பெறுகிறவர் கொடுக்கிறவர்கிட்ட நேரடியா பேசக் கூடாது. நெறிமுறை மீறல். நடுவுல நாங்க எதுக்கு இருக்கோம்?"

கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பது இதுதான்.

மறுநாள் காலையில் மைத்துனர் போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல்.

"மச்சான், மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்றாங்க. மரப்படியை உடைச்சிரலாம். அந்தப் பியானோ சாய்வை என்ன பண்றதுன்னு அந்த அறக்கட்டளை அம்மாகிட்ட கேட்டேன். சாமான் எதையும் நாங்க வச்சுக்கறதில்லை, நீயே எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. ரொட்டி ட்ரேயெல்லாம் இறக்கிட்டு வேனை எடுத்துட்டு வாங்க!"

சாய்தளம் வேனுக்குள் போனது பாதி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது மீதி. நூலகப் படிகளின் மேல் அதை வைத்தபோது, அந்தப் படிகளுக்காகவே செய்தது போல உட்கார்ந்துகொண்டது. மேடையும் ஏறக்குறைய அந்த உயரம்தான். நூலகர் விதிப் புத்தகத்தோடு வெளியே வந்தார்.

"இது கட்டுமானமா?"

"சக்கரம் வச்சிருக்குங்க," என்றார் தச்சர். "எங்க வேணா தள்ளிட்டுப் போகலாம்."

நூலகர் பக்கங்களைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "நகர்ற சாமான்னா அது தளவாடம். நாற்காலி மேஜை மாதிரி. தளவாடத்தை யார் வேணா குடுக்கலாம்!"

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க?"

"கட்டணும்னுதானே நீங்க கேட்டீங்க?"

ஜட்ஜம்மா சக்கரத்தில் கைவைத்தாள். அந்த நேரம் பார்த்து, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அறக்கட்டளையின் கார் வந்து நின்றது. இயக்குநர் குதித்து இறங்கினார். பின்னால் நன்னெறி அம்மாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! சிமெண்ட் ஐயா இப்ப வர்றார், படிகளை நேர்ல பாக்கணுமாம்! ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் இதை எடுத்துருங்க. அவர் போனதும் போட்டுக்கலாம்."

ரொட்டிக்காரர் வாழ்நாளில் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. பழக்க தோஷம், கை தானாகக் கும்பிட்டது. சாய்தளத்தைத் தூக்கக் குனிந்தும்விட்டார். குனிந்தவருக்குக் கண்ணெதிரே மகளின் முகம் தெரிந்தது. அவள் கெஞ்சவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. அப்பா என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இத்தனை நாள் ஊரெல்லாம் அவள் முதுகைத்தான் பார்த்தது. நாமும் அப்படித்தான் இருந்துவிட்டோமோ என்று அவருக்குச் சுரீரென்றது. நிமிர்ந்தார்.

"முடியாதுங்க," என்றார்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவரே நம்பவில்லை. மைத்துனரும் திரும்பிப் பார்த்தார்.

"முடியாதா? இது எங்க விருந்துக்கு எங்க காசுல செஞ்சது! எங்க சொத்து! எடுக்கச் சொல்றேன்!"

"சார்," என்றார் நன்னெறி அம்மாள். "பொருளா நாம எதையும் வச்சுக்கறதில்லை. கொள்கை, முதல் பிரிவு. இது நம்ம சொத்து இல்லை."

"நீங்க யார் பக்கம்மா?"

"கொள்கை பக்கம் சார்."

இவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது ஜட்ஜம்மா சாய்தளத்தில் ஏறி, வாசலைத் தாண்டி, புத்தக அலமாரிகளுக்கு நடுவே போய்விட்டாள். யாரும் கைதட்டவில்லை. ரொட்டிக்காரர் மட்டும் வாசலைப் பார்த்தபடி சிலை போல நின்றார்.

சிமெண்ட் முதலாளியின் கார் வந்தது. பெரியவர் கைத்தடியோடு இறங்கினார். முட்டி வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே, சாய்தளத்தில் நடந்து மேலே போய், வாசல் பெஞ்சில் சுகமாக உட்கார்ந்தார்.

"அப்பாடா! எங்க போனாலும் படி வச்சு உயிரை வாங்கறாங்க. இது யாரு செஞ்சது, அருமையா இருக்கே! சரி, அந்த மூணு படி எங்கப்பா?"

இயக்குநர் ஒரு கணம்தான் திகைத்தார். தைலம் விற்ற நாக்கல்லவா!

"நீங்க ஏறி வந்ததுதான் ஐயா! உங்க நன்கொடையோட பலன்! எங்க சாதனை!"

தச்சர் வாயைத் திறந்தார். ரொட்டிக்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். சாதனை யாருடையதாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும், சாய்தளம் இங்கே இருந்தால் போதும்.

"அப்போ வேலை முடிஞ்சுதா?" என்றார் முதலாளி. "மிச்சப் பணம்?"

"முடியலை ஐயா! எப்படி முடியும்? இவ்வளவு நாளும் நாம பாத்தது ஏறுற பிரச்சினை." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார், கண்கள் பளபளத்தன. "இறங்குற பிரச்சினையை இன்னும் தொடவே இல்லையே!"

முதலாளி முட்டியைத் தடவிக்கொண்டு, ஆமாம், இறங்குவதும் கஷ்டம்தான் என்று தலையாட்டினார். அங்கேயே ஒரு தொகை பேசி முடிந்தது. நன்னெறி அம்மாள், இறங்குவதை முன்பக்கமாகப் படம் எடுப்பது கண்ணியமா என்று கொள்கையைப் புரட்டத் தொடங்கினார்.

ரொட்டிக்காரர் காத்திருந்தார். ரொட்டி இறக்கப் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். இப்போது முடியாது என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டார், அந்தச் சொல்லில் ருசி கண்டுவிட்டது. உள்ளே இருந்து மகள் எத்தனை புத்தகம் கொண்டுவருவாளோ, வேனில் ஏற்ற இடம் போதுமா என்று கவலைப்பட்டார்.

கடைசியில் ஜட்ஜம்மா வாசலுக்கு வந்தாள். தானே இறங்கினாள். மடியில் ஒன்றுமே இல்லை.

"என்ன கண்ணு, ஒண்ணுகூட எடுக்கலையா?"

"எல்லாத்தையும் பாத்தேன். இன்னிக்கு ஒண்ணும் பிடிக்கலைப்பா," என்றாள். "நாளைக்கு வந்து பாத்துக்கறேன்."